‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்ல வராதவர்

போடிநாயக்கனூரில் ஒரு நாளில் அதிகமுறை பேசப்படும் வாக்கியம் எது என்று யாராவது கணக்கெடுத்தால், ‘ஒண்ணும் ஆகாது’ என்பதுதான் முதலில் வரும். போடிமெட்டு வளைவில் எதிரே லாரி இறங்கும்போது ஜீப் டிரைவர் அதைச் சொல்வார். முந்தாநாள் மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றும்போது வீட்டில் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே சொல்வார். கேட்டவருக்கு அதில் தகவல் எதுவும் கிடைப்பதில்லை, நிம்மதி கிடைக்கிறது. அதுபோதும் என்பதுதான் ஊரின் எண்ணம்.

எங்கள் தெருவில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வராத ஒருவர் இருந்தார். திக்குவாய் இல்லை. மற்ற எல்லாவற்றையும் சரளமாகப் பேசுவார். யாராவது வந்து, “யக்கா, இந்த வயர இப்படியே விட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றுவார், சேலைத் தலைப்பில் துடைப்பார், மறுபடி போட்டுக்கொண்டு, “எதுவரைக்கும்?” என்று கேட்பார்.

கேட்டவர் அந்த இடத்திலேயே களைத்துவிடுவார்.

அவர் பெங்களூரில் விமானங்களுக்கான மின்னணுப் பெட்டிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்த்தவர். நான் அவரை அறிந்த சில ஆண்டுகளில் போடியில் தன் பூர்வீக வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்தார். சோதனை இருக்கும்போது மட்டும் பஸ் ஏறுவார். பருத்திச் சேலை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. தெருவில் ‘பிளேனக்கா’ என்றால் குழந்தையும் வீட்டைக் காட்டும். அவர் என்ன செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. விமானம் ஓட்டுகிறார் என்று பாதிப் பேரும், டிக்கெட் போட்டுத் தருவார் என்று மீதிப் பேரும் நம்பினார்கள். இரண்டாவது தரப்பினர் அடிக்கடி வந்தார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழின் போடி நிருபர். அவர் வேலையைப் புரிந்துகொண்டது ஒரு தேர்தல் சமயத்தில். ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். மைதானம் முழுக்கக் கூட்டம், எல்லார் கையிலும் செல்போன். இத்தனை போனும் சேர்ந்து ஹெலிகாப்டருக்கு ஏதாவது செய்யுமா என்று ஒரு நிபுணர் கருத்து போட்டால் நன்றாக இருக்கும் என்று மதுரை அலுவலகத்தில் சொன்னார்கள். நிபுணர் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார். எனக்குத் தேவை ஒரு வரி.

அவர் அரைமணி நேரம் பேசினார். செல்போன் ஒரு பொருட்டே இல்லை என்றார். பெரிய ரேடார், ஒலிபரப்புக் கோபுரம், கப்பலில் இருக்கும் ரேடியோ, இவைதான் விஷயம். விமானம் இவற்றின் பக்கமாகப் பறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த அலை உள்ளே ஓடும் வயர்களில் ஏறி, கருவிகளைக் குழப்பப் பார்க்கும். குழம்புமா குழம்பாதா என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்வதுதான் அவருடைய சோலி. இரும்புச் சுவர் வைத்த அறைக்குள் பெட்டியை வைத்துக் கதவை மூடி, அதன்மேல் ரேடியோ அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்.

“பக்கத்துல நின்னு கத்துறது மாதிரிதான். கத்திக்கிட்டே இருப்பேன். எந்தக் கத்தலுக்குத் தடுமாறுதுன்னு பாப்பேன்.”

தடுமாறும் பெட்டிகளிலும் வகை உண்டு. சிலது கண்டுகொள்ளவே செய்யாது. சிலது கொஞ்சம் தடுமாறித் தானாகவே தெளிந்துவிடும். சிலதை ஆள் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். இதைச் சொன்ன கையோடு, தன் உறவினர்களையும் அவர் இந்த மூன்றுக்குள் பிரித்து வைத்திருந்ததையும் சொன்னார். கணவரின் அண்ணன் மூன்றாம் வகை.

ஹெலிகாப்டருக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா என்று நான் கடைசியாகக் கேட்டேன். அந்த ஹெலிகாப்டரைத் தான் சோதிக்கவில்லை என்றார். மதுரையிலிருந்து துணை ஆசிரியர் போனில், “யோவ், ஆகுமா, ஆகாதா? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுய்யா” என்றார். அந்த வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில் தர்பூசணி விற்பனை பற்றிய செய்தி வந்தது.

தெருவில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். பையன் பெங்களூரில், பிளேனக்காவின் ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்திலேயே வேறு மாடியில் வேலை பார்க்கிறவன். விசாரித்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? அடுத்த முறை அவர் பெங்களூர் போய் வந்ததும் பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தார். பையன் எப்படி என்று கேட்டார்.

மூன்று தடவை லிப்டில் பார்த்ததாகவும், பின்னால் வந்தவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் அவர் சொன்னார். அப்போது கூட்டம் இல்லை. கூட்டத்தில் எப்படி என்று தெரியாது.

“நல்ல பையனா இல்லையாம்மா?”

“லிப்ட் வரைக்கும் நல்ல பையன்ண்ணே.”

கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளைக்கு இன்றுவரை எங்கள் தெருவில் ‘லிப்ட் மாப்ளே’ என்றுதான் பெயர். காரணம் அவருக்குத் தெரியாது.

அதே கல்யாணத்தில் இன்னொன்றும் நடந்தது. மேடையில் நாதஸ்வரத்துக்கு வைத்திருந்த மைக்கில் நடுநடுவே ‘டிட்டிட்டிட்’ என்று ஒரு சத்தம். மைக்செட்காரர் வயரை உதறினார், பெட்டியைத் தட்டினார். பிளேனக்கா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து மேடையேறி, பெண்ணின் தாய்மாமன் சட்டைப் பையில் கைவிட்டு அவருடைய பட்டன் போனை எடுத்தார். தாய்மாமன் பிள்ளைப்பூச்சி மாதிரி நின்றார். போனை மைக் வயர் பக்கம் கொண்டுபோனால் சத்தம் வந்தது, தள்ளிப் போனால் நின்றது. அத்தோடு போனை அணைத்துக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவரோ என்னைக் கூப்பிட்டு அந்த எண்ணுக்கு விடாமல் அடிக்கச் சொல்லி, எந்தத் தூரத்தில் சத்தம் தொடங்குகிறது என்று மேடையில் முன்னும் பின்னுமாக நடந்து பார்த்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“வயருக்குத் தான் வயருன்னு தெரியாது. நீளம் தோதா அமைஞ்சுருச்சுன்னா அது ஏரியலா வேல செய்ய ஆரம்பிச்சுரும்” என்றார் மைக்செட்காரரிடம். அந்த வாக்கியத்தை அப்போது ரசித்தவர் அதைச் சொன்ன அக்கா ஒருவர்தான்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு தம்பி. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, சுமை தூக்கும் ஆளில்லா விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கயிற்றுக்கட்டில் அளவு, ஆறு கை, ஒவ்வொரு கையிலும் ஒரு விசிறி. ஏலத்தோட்டத்தின் கீழ்ச்சரிவில் பெண்கள் எடுக்கும் பச்சைக் காயை, மேலே காய் உலர்த்தும் ஸ்டோருக்குச் சாக்கோடு தூக்கிப் போவதுதான் திட்டம். மழையில் வழுக்கும் சரிவில் தலைச்சுமையாக ஏற்றுகிற காய் அது. தோட்டத்துப் பெண்கள் அந்த எந்திரத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தோட்டக்காரர்கள் சங்கம், ஒருமுறை பறக்கவிட்டுக் காட்டு, சரியாக இருந்தால் இந்தச் சீசன் சுமை உனக்கு என்றது. தம்பியின் கையில் வேறு வேலை இல்லை. அந்தச் சீசன் கிடைக்காவிட்டால் திரும்பப் பம்பு கம்பெனிதான். ஆனால் வண்டு போகும் வழியில் மலை முகட்டில் கோபுரங்கள் நின்றன: செல்போன், ரேடியோ, இன்னும் என்னென்னவோ. கீழே பெண்கள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நடுவானில் வண்டுக்குக் கிறுக்குப் பிடித்தால் சாக்கோடு அவர்கள் தலையில்தான் விழும். அதனால் சங்கத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். “ஒங்க அக்கா சரின்னு சொல்லட்டும்.”

சொந்தத் தம்பிக்குச் சொந்த அக்கா சான்று தருவதா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் தம்பிக்காகத்தான் வருத்தப்பட்டார்கள்.

அவர் முதலில் வழியை அளந்தார். கையில் ரேடியோ அலையின் பலத்தைக் காட்டும் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, குடையும் ஷூவுமாகச் சரிவெல்லாம் நடந்தார். தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கியிருந்த நேரம். யானை வருவதைக் காட்டும் கருவி என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் ஒரு பெண், “சேச்சி, எவ்விடயாக்கும் நிக்குது?” என்று கேட்டாராம். பிறகு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் இரும்பு அறையில் வைத்து, மலையில் அளந்ததைவிடப் பலமடங்கு கத்திப் பார்த்தார். வண்டின் மூளை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இருந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே, குக்கரின் ரப்பர் மாதிரி, உலோக வலையால் ஆன ஒரு பட்டை. சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அது உட்கார்ந்திருக்கும்வரை வெளியே இருப்பது உள்ளே போகாது. வண்டு தாங்கியது. அவர் கையெழுத்துப் போட்டார். தம்பி அன்று பஸ்சிலிருந்தே எல்லோருக்கும் போன் போட்டார்.

பறக்கவிடும் நாள் காலையில் நானும் ஜீப்பில் போயிருந்தேன். சங்கத்துக்காரர்கள் ஐந்தாறு பேர், கங்காணி, காய் எடுக்கும் பெண்கள். வண்டு தார்ப்பாய்மேல் உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு மாலை. முந்தின நாள் மாலை போடியில் வைத்துப் பூசை போட்டிருந்தார்கள். நடுவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கியது. தம்பியின் மாமியார் கொடுத்தது. கட்டியவர் ஜீப் ஸ்டாண்டில் எல்லா வண்டிகளுக்கும் அதைக் கட்டித் தருகிற எலெக்ட்ரீசியன்.

பிளேனக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஜீப்பில் கட்டும்போது நூல் அறுந்துவிடும் என்பதால் கம்பியில் கோப்பதுதான் அங்கே வழக்கம். ஜீப்புக்குப் பம்பர் உண்டு, அதில் முறுக்கிவிடலாம். வண்டுக்குப் பம்பர் இல்லை. உடம்பு முழுக்க வழவழப்பு. திருகு என்று இருந்தது அந்த அலுமினியப் பெட்டியில் மட்டும்தான். எலெக்ட்ரீசியன் திருகைத் தளர்த்தி, கம்பியின் முனையை மூடிக்கு அடியில் நன்றாக உள்ளே செருகி, ஆடாதபடி இறுக்கியிருந்தார். அவர் தொழில்படி அது ஒழுங்கான வேலை.

“இது பறக்காது” என்றார் அக்கா.

“எலுமிச்சம்பழம்தானேம்மா” என்றார் சங்கத் தலைவர்.

“பழத்துமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே. கம்பிதான். வெளிய உள்ளத உள்ளாற கூட்டிட்டுப் போகும்.”

தம்பி ஓடிவந்து திருகைக் கழற்றி, கம்பியை உருவிக் கொடிபோல ஆட்டிக் காட்டினார். இனிச் சரிதானே என்பதுபோலப் பார்த்தார். அக்கா குனிந்து மூடியின் ஓரத்தை விரலால் தடவினார். கம்பி அழுத்திய இடத்தில் உலோக வலை மடிந்து கிடந்தது. மூடி அந்த இடத்தில் ஒட்டவில்லை. இது தான் சோதித்த பெட்டி இல்லை என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கங்காணி பெண்களிடம் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் அந்த இரண்டு வார்த்தைகளை அவர் சொல்லிவிடுவார் என்று, ஒரு நிமிடம், நான் உள்பட எல்லோரும் காத்திருந்தோம்.

தம்பி குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். “நீ எனக்கு அக்காவா, இந்தப் பொட்டிக்கு அக்காவா?”

“இன்னைக்குப் பொட்டிக்குத்தான்.”

சங்கத் தலைவர் நல்ல மனிதர்; அடுத்த காய் எடுப்பில் இன்னொரு நாள் தருவதாகச் சொன்னார். அதுவும் தவறினால் பழையபடி தலைச்சுமைதான் என்றும் சொன்னார். தம்பி மலையிலிருந்து இறங்கும்போது வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டார். எங்கள் ஜீப் டிரைவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி, எலுமிச்சம்பழத்தால் ஒரு வண்டி நின்றதைத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்றார். அவர் வண்டியில் முன்னாலும் பின்னாலும் தொங்கியது.

பிரச்சினை இத்தோடு முடியவில்லை. எலுமிச்சம்பழம் இல்லாமல் வண்டு பறக்கக் கூடாது என்று தம்பியின் மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். அக்கா அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பழத்தோடு பறக்க வேண்டுமானால் பழத்தோடு சோதிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் மாமியார் வீட்டுக்கே போய் விவரம் கேட்டார். பழத்தை எப்போது மாற்றுவீர்கள்? வெள்ளிக்கு வெள்ளி. அப்படியானால் வியாழக்கிழமை பழம் காய்ந்திருக்குமே, காய்ந்ததும் ஈரமானதும் ஒன்றில்லையே? மாமியாருக்கு இதுவரை யாரும் திருஷ்டி கழிப்பதைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. காப்பி கொடுத்து, மிளகாயின் காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார்.

அப்படியாகப் பெங்களூர் ஆய்வுக்கூடத்தின் வாசலில் காவலாளி ஒரு பையைத் திறந்து, உள்ளே புதுப் பழம் ஒரு சரமும் வாடிய பழம் ஒரு சரமும் இருப்பதைப் பார்த்துவிட்டு, சமையல்கட்டு பின்பக்கம் என்று வழி காட்டினாராம்.

தம்பி கூடவே போயிருந்தார், பேசாமல். அங்கே நடந்ததை அவரே பின்னாளில் எனக்குச் சொன்னார். விசிறிகளைக் கழற்றி, வண்டைப் பட்டையால் கட்டி, மூடிக்குப் புது வலை போட்டார்கள். பருத்தி நூலில் கோத்து வண்டின் காலில் கட்டிய பழத்தோடு சோதித்தார்கள். புதுசும் தாங்கியது, வாடியதும் தாங்கியது. முடிந்தது என்று தம்பி எழுந்தார். அக்கா உட்காரச் சொன்னார். பழைய கம்பியை எடுத்து, எலெக்ட்ரீசியன் செருகிய மாதிரியே செருகி, கதவை மூடி, அலையைக் கூட்டத் தொடங்கினார். மலையில் அளந்த அளவை எட்டுவதற்குள்ளாகவே ஒரு மோட்டார் நின்றது. திரும்பச் சுற்றவில்லை. இன்னொன்று நின்றது.

தம்பி அதைக் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.  அக்கா கம்பியை உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சாப்பிடப் போகலாமா என்று மட்டும் கேட்டாராம்.

இரண்டாவது தடவை மலையில் காற்று இருந்தது. வண்டின் காலில் வெள்ளை நூலில் பழம் ஆடியது. கீழ்ச்சரிவில் சாக்கை மாட்டினார்கள். வண்டு எழும்பி, காய் எடுக்கும் பெண்களின் தலைக்கு மேலாக முகட்டை நோக்கிப் போனது. பாதி வழியில் காற்று அதைக் கோபுரங்களின் பக்கம் தள்ளியது. தம்பி கையிலிருந்த விசையை இழுத்தார், பலனில்லை. வண்டு ஓரிடத்தில் நின்று லேசாகக் குலுங்கியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அது, யாரும் சொல்லாமலே, வந்த வழியே திரும்பி, புறப்பட்ட தார்ப்பாய்மேல் சாக்கோடு வந்து உட்கார்ந்தது.

தம்பி முகம் செத்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம். பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி. அதன் மூளை குழம்பவில்லை என்றும், கோபுரத்துக்கு அத்தனை பக்கத்தில் போனால் விசையிலிருந்து இயக்குகிறவர் சொல்வது அதற்குக் கேட்காது என்றும், கேட்காதபோது விழாமல் திரும்ப வேண்டும், அது திரும்பிவிட்டது என்றும் விளக்கினார். சரிவின் நடுவில் நிற்கும் பலாமரத்துக்குக் கிழக்கே வழியை மாற்றினால் காற்று தள்ளினாலும் அந்த இடத்துக்குப் போகாது. அங்கேயும் தான் அளந்திருப்பதாகச் சொன்னார்.

தலைவருக்கு இது போதவில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் வந்தது அவர் கணக்கில் தோல்வி. “சரி, சரியில்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா” என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள், காய் எடுக்கும் பெண்களில் மூத்தவர், தலையில் சும்மாட்டோடு நின்றவர், குறுக்கே பேசினார்.

“நம்ம ஜீப்பு டிரைவருக யாராச்சும், பனி மூடிருச்சு, பாத தெரியலன்னு பாதியில திரும்பி வந்திருக்காகளா மொதலாளி? இது வந்துச்சுல்ல. எஞ்சாக்க மொதல்ல ஏத்துங்க.”

டிரைவர்கள் சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையை அசைத்தார். தம்பி வழியை மாற்றிக் கொடுத்தார். மூத்தவரின் சாக்கை மாட்டும்போது கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று அக்காவைப் பார்த்தார். அந்த இரண்டு வாரத்தில் அவர் அக்காவை முகம் கொடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

வண்டு பலாமரத்தைத் தாண்டிக் கிழக்காக ஏறியது. கழுத்து வலிக்க வலிக்க எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அதன் நிழல் சரிவில் போகும் பாதையையும், அந்த நிழல் ஒவ்வொருவராகக் கடந்துபோன பெண்களையுமே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஸ்டோர் பக்கமிருந்து விசில் கேட்டு, சாக்கு இறங்கிவிட்டது என்று கங்காணி கத்திய பிறகுதான் நிமிர்ந்தார். அதற்குள் வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.